கட்டுமரத்துக்கு அறுபது பாயிண்ட்

இருந்தவர்கள்:

கதிரவன். குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவன். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தோடு விட்டவன். பலகை, படைகள், விதிகள் என்று ஒரு போர் விளையாட்டை வெகுநாளாகத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கிறான். காலையில் ஷிப்டு முடிந்து வந்தவன் இன்னும் படுக்கவில்லை.

பொன்னி. அவன் தங்கை. சிதம்பரத்தில் பிளெக்ஸ் கடையில் பேனர் வடிவமைக்கிறாள். விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுத்தவள் அவள்தான். அண்ணனோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தவளும் அவள்தான், வேறு யாரும் இல்லை.

இளவரசு. பொன்னியின் கணவன். கதிரவனோடு ஒரே வகுப்பில் படித்து, அவன் விட்ட படிப்பை முடித்து, செல்போன் கடை வைத்திருக்கிறான். மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவான், ஆட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவான்.

இடம், கடலூர் முதுநகரில் கதிரவனின் வாடகை மாடி. சனிக்கிழமை மதியம். நாலு மணிக்குள் அச்சகத்துக்கு ஃபைல் போயாக வேண்டும்.

*

— அறுபதுன்னா அறுபதுதான் பாப்பா. கணக்குனா கணக்கு.

— அண்ணா, நாம அனுப்புன ஆட்டத்த பாண்டிச்சேரி விளையாட்டு கிளப்புல எட்டு பேரு ஆடிப் பாத்துட்டு எழுதியிருக்காங்க. ஒருத்தர் கூட கட்டுமரத்த எடுக்கல. ரெண்டாவது தடவ, எடுத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தி ஆடியிருக்காங்க. எடுத்தவங்க எல்லாரும் தோத்துட்டாங்க.

— ஆடத் தெரியாதவன் தோக்கத்தான் செய்வான்.

— எட்டு பேருக்குமா தெரியாது?

— பாண்டிச்சேரியில எட்டு பேரு தப்பா ஆடுனா நான் எதுக்கு வெலய எறக்கணும்?

— மச்சான், குறுக்க பேசறேன்னு நெனைக்காத. சத்தியமா சொல்றேன், இத்தன நாளா இங்க வந்து தூங்கறேனே தவிர எனக்கு இன்னும் புரியல. வெலன்றீங்களே, அந்தக் கட்டுமரத்த யாருக்கு விக்கறீங்க?

— மாப்ள, விக்கறது இல்ல. ஆட்டம் ஆரம்பிக்கறப்ப ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஐநூறு பாயிண்ட். ஒருத்தன் கோட்டை, இன்னொருத்தன் கடல்லேர்ந்து வந்து அடிக்கறவன். அந்த ஐநூறுக்குள்ள படைய வாங்கிக்கணும். பீரங்கி எண்பது. குதிரை அம்பது. ஈட்டிக்காரன் பத்து.

— நம்ம கடையில பட்ஜெட்டுன்னு வந்து நிப்பானுங்களே, அந்த மாதிரி.

— அதேதான். வெல சரியா இருந்தா எவன் எத வாங்குனாலும் சண்ட சமமா இருக்கும். கம்மியா போட்டுட்டா எல்லாரும் அதையே வாங்கிக் குவிப்பான். ஜாஸ்தி போட்டுட்டா எவனும் தொட மாட்டான்.

— மாமா, நான் கடையில தெனம் பண்றது இதத்தான். காதுகுத்து பேனர்ல பெரிய மாமன் மூஞ்சிக்கு எவ்ளோ எடம், சின்ன மாமன் மூஞ்சிக்கு எவ்ளோ எடம். அர இஞ்சு தப்புனா பந்தல்லயே கைகலப்பு. அங்கயும் நம்ம அளவு தப்பா சரியான்னு நம்ம சொல்ல முடியாது. பாக்கறவங்கதான் சொல்லணும்.

— பாப்பா, மாமன் மூஞ்சியும் கட்டுமரமும் ஒண்ணா? நான் எடுத்தவுடனே அறுபது போட்டேனா? இருபதுலேர்ந்து ஆரம்பிச்சேன். நீ கட்டுமரத்த எடுத்து ஜெயிச்ச. முப்பதாக்கினேன். ஜெயிச்ச. நாப்பத்தஞ்சாக்கினேன், அப்பவும் ஜெயிச்ச. அறுபதுலதான் நீயும் நானும் மாறி மாறி ஜெயிக்க ஆரம்பிச்சோம். ஆடிப் பாத்துப் போட்ட வெல அது.

— கேளு, அவுங்களும் ஆடிப் பாத்துதான் எழுதியிருக்காங்க. குதிரை சரியா இருக்கு, பீரங்கி சரியா இருக்கு, ஈட்டிக்காரன் அருமைன்னு எழுதியிருக்காங்க. கட்டுமரத்த இருபத்தஞ்சுக்கு எறக்கி ஆடுனாங்களாம், சமமா வந்துச்சாம். ஒரே ஒரு எண்ண மாத்தணும். அவ்ளோதான் வேல.

— இருபத்தஞ்சுக்கு வுட்டா நீ ஒரே மணி நேரத்துல என் கோட்டைய தரமட்டமாக்கிடுவ.

— ஆமா. நான் ஆக்கிடுவேன்.

— அப்பறம் என்ன பேச்சு?

— மச்சான், ஃபோன் அடிக்குது. அச்சகத்து சாரு.

— குடு மாப்ள. ... வணக்கம் சார். ஆமா சார். இல்ல சார், இந்தத் தடவ நிச்சயமா. நாலு மணிக்கு மெஷின் ஏத்திடலாம் சார். மெயில்லதான் அனுப்புவேன். ... இல்லங்க சார், போன தடவ குதிரையில ஒரு குழப்பம். ... அதுக்கு முந்தி பீரங்கி. ... சரிங்க சார். ... சரிங்க.

— செந்தமிழ்செல்வன் சார் என்னண்ணா சொல்றாரு?

— நாலு தாண்டிடுச்சுன்னா மெஷின ஏதோ கட்சிக்காரன் போஸ்டருக்குக் குடுத்துடுவாராம். அப்பறம் இந்த மாசம் தேதி இல்லயாம்.

— ரெண்டு தடவ கடைசி நேரத்துல ஃபைல நிறுத்துன ஆளு நீ. அவரு மூணாவது தடவ ஃபோன் எடுத்ததே பெருசு. அடுத்த சனிக்கெழம மெட்ராஸ்ல விளையாட்டுக் கண்காட்சி. அங்க வர்ற விளையாட்டுக் கம்பெனிக்காரரு என்ன சொன்னாரு? அச்சடிச்ச பெட்டியோட வாங்க, வேலையப் பத்தி பேசலாம்னாரு. பெட்டி இல்லாம போய் நின்னா?

— தெரியும் பாப்பா. நைட் ஷிப்டு நான்தான் போறேன், நீ போகல. அதனாலதான் சொல்றேன், இருக்கறத அப்படியே அனுப்பலாம். அறுபது.

— அறுபதுன்னு அச்சடிச்சா அந்த ஆளு ஒரு ஆட்டம் ஆடிட்டு, இதுல கட்டுமரம் எதுக்குன்னு கேப்பாரு. பெட்டி அட்டைப் படத்துல கட்டுமரம். உள்ள எவனும் எடுக்காத கட்டுமரம். என்ன சொல்லுவ?

— மச்சான், எனக்கு ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது. பாண்டிச்சேரிக்காரனுங்களுக்குத் தோக்குது, பொன்னிக்கு ஜெயிக்குது. அப்ப கட்டுமரத்துல ஒண்ணும் இல்ல. இவகிட்ட ஏதோ இருக்கு. அந்தக் கட்டுமரம் என்னதான் பண்ணும்?

— கரையில ஆறு துறை இருக்கு மாப்ள. கோட்டைக்காரன் ஒவ்வொரு துறையிலயும் ஒரு வில்லைய கவுத்து வைப்பான். மூணு வில்லையில காவல், மூணு வெறும் வில்ல. கட்டுமரக்காரி எந்தத் துறையில எறங்கறான்னு சொல்லணும். வெறும் வில்லைன்னா நேரா கோட்டைக்குப் பின்னாடி வந்துடுவா. காவல் இருந்தா கட்டுமரம் காலி.

— பூவா தலையா மாதிரி.

— ஆமா. பாதிக்குப் பாதி.

— பொன்னிக்குமா பாதிக்குப் பாதி?

— அவளுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் ஜாஸ்தி.

— அட, இவளுக்கா? குலுக்கல்ல ஒரு பாக்கெட் சோப்பு கூட வுழுந்தது கெடையாது. ஒரு ஆட்டம் வை மச்சான், நான் முழிச்சிருந்து பாக்கறேன்.

— சரி. வச்சுட்டேன். ஆறு துறை, ஆறு வில்ல. சொல்லு பாப்பா.

— அஞ்சு.

— திருப்பு மாப்ள.

— வெறும் வில்ல.

— பாத்தியா, அதிர்ஷ்டம்.

— இல்ல மச்சான். நான் இவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இவ பலகைய ஒரு தடவ கூட பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்தா. காவல் வைக்கறப்ப உனக்கு மூஞ்சி மாறுது போல.

— என் மூஞ்சியா? மேனேஜர் ரெண்டு வருஷமா என் மூஞ்சியப் பாத்து நான் தூங்கறேனா முழிச்சிருக்கேனான்னு கண்டுபுடிக்க முடியாம தவிக்கறான்.

— அந்தப் பையில உன் ஆலை மாஸ்க் இருக்குல்ல மச்சான், கேஸ் அடிச்சா போட்டுக்கறது. அத மாட்டிக்கிட்டு வை.

— இதெல்லாம் ஒரு வேல. ... மாட்டிட்டேன். போதுமா? கண்ணு கூட தெரியாது.

— அண்ணா, யான மாதிரி இருக்க.

— பேசாத. வச்சுட்டேன். சொல்லு.

— ரெண்டு.

— மாப்ள?

— வெறும் வில்ல மச்சான்.

— அப்ப மூஞ்சி இல்ல. வுடு, கழட்டறேன், வேர்க்குது.

— இரு மச்சான். வைக்கறப்ப நீ ஏதாவது பேசிக்கிட்டே இருக்க. இப்பக் கூட மாஸ்க்குக்குள்ள முனகுன. இவ அத வச்சுக் கண்டுபுடிக்கறாளோ என்னமோ. இந்தத் தடவ வாயும் தொறக்காத. வச்சு முடிச்சதும் மேசையத் தட்டு. நீயும் அந்தப் பக்கம் திரும்பிக்க பொன்னி.

— நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கறேன் மாமா. தட்டச் சொல்லுங்க.

— தட்டிட்டான். சொல்லு.

— ஆறு.

— வெறும் வில்ல. மச்சான், மாஸ்க்க கழட்டு. உனக்கு மூச்சு வாங்குது.

— பாப்பா.

— சொல்லுண்ணா.

— எப்படி?

— சொன்னா கோச்சுக்குவ.

— அச்சகத்துக்கு நேரம் ஆவுது. நேரா சொல்லு.

— போன ஆட்டத்துல நான் எந்தத் துறையில எறங்கினேனோ, அடுத்த ஆட்டத்துல அங்க காவல் வைப்ப. அதோட ரெண்டு பக்கத்துலயும் வைப்ப. மூணு காவலும் தீந்துடும். மிச்ச மூணு துறையும் தொறந்து கெடக்கும். நான் அதுல ஒண்ண சொல்லுவேன்.

— எப்பவுமா?

— மொத ஆட்டத்துலேர்ந்து.

— போய் திருப்பிப் பாரு மாப்ள. மொத்த வில்லையையும் திருப்பு. இவ கடைசிக்கு முந்தி ரெண்டுல எறங்கினா.

— ஒண்ணு, காவல். ரெண்டு, காவல். மூணு, காவல். மச்சான், நாலும் அஞ்சும் வெறும். இவ சொன்ன ஆறும் வெறும்.

— அண்ணா, தண்ணி வேணுமா?

— வேணாம். அப்ப நான் கட்டுமரத்துக்கு வெல போடல.

— இல்ல. எனக்குப் போட்டிருக்க. இன்னும் சரியா சொன்னா, உனக்கே போட்டிருக்க. உன்ன மாதிரி காவல் வைக்கறவன் எதிர்ல உக்காந்திருந்தா கட்டுமரம் அறுபது பாயிண்ட் பெறும். தெரியாதவன் எதிர்ல இருந்தா இருபத்தஞ்சு.

— இத்தன நாளா வாய மூடிக்கிட்டு ஜெயிச்சிருக்க.

— மொதல்ல வெளையாட்டாதான் இருந்துச்சு. நாப்பத்தஞ்சுக்கு ஏத்துனப்ப சொல்லணும்னு நெனச்சேன். அன்னிக்குதான் நீ பீரங்கிய மாத்தணும்னு ஃபைல நிறுத்துன. இதையும் சொன்னா மொத்தத்தையும் கலைச்சுடுவன்னு பயம்.

— கலைக்கத்தான் போறேன். இப்பவே சொல்றேன், ஃபைல் இன்னிக்கு போகாது.

— அண்ணா.

— தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சு எப்படி அனுப்பறது? எல்லா வெலையும் உன்கூட ஆடித்தான் போட்டேன். கட்டுமரம் தப்புன்னா குதிரையும் தப்பா இருக்கலாம், பீரங்கியும் தப்பா இருக்கலாம். மொத்தத்தையும் திரும்ப ஆடணும். ஆறு மாசம் ஆகும். ஆகட்டும்.

— குதிரையும் பீரங்கியும் சரியா இருக்குன்னு எட்டு பேரு எழுதியிருக்காங்க. உன் தலையும் தெரியாது அவுங்களுக்கு, என் தலையும் தெரியாது. அவுங்கள விட சுத்தமான சோதன உனக்கு எங்க கெடைக்கும்? ஒரு எண்ணு மாத்தணும். ஆறு எடுத்துட்டு ரெண்டு, பூஜ்யம் எடுத்துட்டு அஞ்சு. லேப்டாப் உன் மடியிலதான இருக்கு.

— அவுங்க சொல்ற இருபத்தஞ்சு எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது. எனக்கே தெரியாத எண்ண என் பேரு போட்ட பெட்டியில போட மாட்டேன்.

— அறுபது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?

— அதனாலதான் நிறுத்தணும்ன்றேன்.

— மச்சான், நான் ஒண்ணு சொல்லட்டா? அடிக்க வந்துடாத. மூணாவது வருஷம் உனக்கு ஒரு பேப்பர் போச்சு. ஞாபகம் இருக்கா? அடுத்த செமஸ்டர் முழுக்க அந்த ஒரு பேப்பரையே படிச்ச. மெஸ்ஸுக்கு வந்தா கையில அந்த புக்கு, டீக்கடையில அந்த புக்கு. அத எழுதி நல்ல மார்க் எடுத்த. மிச்ச நாலும் அந்த செமஸ்டர்ல போச்சு.

— அத எதுக்கு இப்ப இழுக்கற மாப்ள?

— சும்மா சொன்னேன்.

— சும்மா சொல்லாத. இங்க பேச்சு காலேஜப் பத்தி இல்ல.

— சரி மச்சான், வுடு. மணி மூணாகப் போவுதே, அதத்தான் பாக்கறேன்.

— அச்சகத்துக்கு ஃபோன போடறேன். போஸ்டர ஏத்திக்கச் சொல்லிடறேன்.

— ஒரு நிமிஷம் இருண்ணா. நிறுத்தறதுன்னா நிறுத்து, நான் குறுக்க வர மாட்டேன். நிறுத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்க வேணாமா? இப்ப உனக்கு உன் பழக்கம் தெரிஞ்சுபோச்சு. இனிமே மாத்தி வைப்ப. நான் உன்னப் பாக்காம, உன் பேச்சக் கேக்காம சொல்றேன். பாதிக்குப் பாதி வருதான்னு பாக்கலாம். வந்துச்சுன்னா இருபத்தஞ்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்கே தெரிஞ்சுடும். வரலன்னா நீ சொன்ன மாதிரி ஆறு மாசம் உக்காந்து ஆடலாம். நானும் வரேன், வாராவாரம்.

— ஒரு ஆட்டத்துல ஒண்ணும் தெரியாது.

— பத்து ஆட்டம் வை. பத்துக்கும் சேத்து ஒரே தடவயா வச்சுடு. உள் ரூமு தரையில வரிசையா.

— பத்து... பத்துன்னா ஏதோ கொஞ்சம் தெரியும். இருவது இருந்தா நல்லது.

— இருவது வை. வில்ல டப்பா மொத்தமும் எடுத்துக்க.

— மூஞ்சி தெரியக் கூடாது.

— தெரியாது, உள்ள இருப்ப.

— பேச்சும் கேக்கக் கூடாது. நீ கதவுக்கிட்ட நின்னு காது வைக்கக் கூடாது. வில்ல வைக்கற சத்தத்த வச்சுக் கூட நீ கண்டுபுடிச்சுடுவ.

— டிவிய போட்டுக்கறேன். பாட்டு ஓடட்டும்.

— மாப்ள, நீதான் நடுவுல ஆளு. நான் வச்சு முடிச்சுட்டு உள்ளேர்ந்து தட்டுவேன். நீ மட்டும் வரணும். இவ சொன்ன துறைய சொல்லு, நான் திருப்பிக் காட்டறேன். இவ எட்டிப் பாக்கக் கூடாது.

— சரி மச்சான்.

— ஃபோன எடுத்துட்டுப் போகாதண்ணா. மாமாவுக்கு உன்மேல பாசம் ஜாஸ்தி, மெசேஜ்ல ஏதாவது சொல்லிடுவாரு.

— நானா? நான் எதுக்கு...

— ஃபோன் வேணாம், இந்தா. லேப்டாப்பையும் வச்சுட்டுப் போறேன், அதுல வெலப் பட்டியல் தொறந்தே கெடக்கு, பாத்தா மனசு அதுலயே போகும். மாப்ள, கதவ சாத்திட்டு வெளிய தாப்பா போடு. போட்டுட்டு பூட்டையும் மாட்டு. பூட்டு டிவி மேல இருக்கு.

— பூட்டு எதுக்கு மச்சான்?

— இவ சொல்றப்ப என் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்க இவ கதவத் தொறப்பா. எனக்குத் தெரியும் இவள. இந்தத் தடவ ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது.

— சரி, போ. மெதுவா வை, அவசரம் இல்ல.

— இருவது ஆட்டம் வைக்க முக்கா மணி நேரமாவது ஆகும் பாப்பா. நாலுக்கு முன்னாடி அச்சகத்துக்கு ஃபோன் பண்ண ஞாபகப்படுத்து.

— ஞாபகப்படுத்தறேன்ண்ணா.

— சாத்தறேன் மச்சான். கைய எடுத்துக்க.

— டிவிய சத்தமா வைங்க மாமா. இன்னும் கொஞ்சம். பூட்டிட்டீங்களா?

— பூட்டிட்டேன். இழுத்துப் பாத்துட்டேன். சொல்லு பொன்னி, மொத ஆட்டத்துக்கு எந்தத் துறை?

— துறையெல்லாம் அண்ணன் பொறுமையா வச்சுக்கிட்டிருக்கட்டும் மாமா. அந்த லேப்டாப்ப இப்படித் தள்ளுங்க, கட்டுமரத்துக்கு இருபத்தஞ்சு போட்டு சாருக்கு அனுப்பிடறேன்.